வீட்டு லேண்ட்லைனை இணையத் தொலைபேசிக்கு மாற்றப் போகிறேன்: எதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும்?

மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீட்டில் இன்றைக்கும் பழைய லேண்ட்லைன்தான் ஓடுகிறது. மழை பெய்தால் கரகரவென்று சத்தம், எதிர்முனை பேசுவது பாதிதான் கேட்கும். புகார் கொடுத்தால் வந்து சரிசெய்கிறார்கள், அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை. இதற்கிடையில் வீட்டுக்கு ஃபைபர் இணையம் வந்துவிட்டது. அதனால் தொலைபேசியையும் இணையம் வழியாகவே கொண்டுபோய்விடலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும். இதே எண்ணை வைத்துக்கொள்ள முடியுமா? வீட்டில் மூன்று போன்கள் இருக்கின்றன, அதில் ஒன்று மணி அடிக்கும் பழைய மாடல், அவற்றையே பயன்படுத்தலாமா? கரண்ட் போனால் என்ன ஆகும்? பேச்சுத் தரம் இப்போதைவிட நன்றாக இருக்குமா, மோசமாக இருக்குமா?

அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

—

நடைவண்டி எழுதியது:

வெளிப்படையாகவே கேட்கிறேன், லேண்ட்லைனே எதற்கு? ஆளுக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது. கம்பி வேண்டாம், பழைய போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டர் வேண்டாம், ரூட்டரில் அமைப்பு மாற்ற வேண்டிய வேலையும் கிடையாது.

—

மாடிவீடு எழுதியது:

கைப்பேசி இருவரிடமும் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குப் பார்வை குறைவு. தொடுதிரையில் எதை அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் தவிக்கிறார். கூடத்துப் போனில் பெரிய பொத்தான்கள், கை பழகிய இடம், இருட்டிலும் எடுத்துப் பேசுவார். அதோடு வங்கி, மருத்துவமனை, உறவினர்கள் என்று எல்லோரிடமும் இருப்பது அந்த எண்தான். எண்ணும் போனும் அப்படியே இருக்க வேண்டும், பின்னால் இருக்கும் கம்பி மட்டும் மாற வேண்டும். அதுதான் என் தேவை.

—

செம்புக்கம்பி எழுதியது:

தம்பி, நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். மற்றதெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம், இதை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் தேவையான நேரத்தில் போன் இருக்காது.

பழைய லேண்ட்லைனுக்கு வீட்டு மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் அந்த இரண்டு செப்புக் கம்பிகளிலேயே சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடிக்கொள்கிறது, சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது, அதை வைத்தே நீங்கள் பேச விரும்புகிறீர்கள் என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கிறது. மணி அடிக்க வேண்டுமானால் அதே கம்பியில் ஏறத்தாழ 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் அனுப்புவோம். எக்ஸ்சேஞ்சில் ஓர் அறை முழுக்க பேட்டரி வரிசை, அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். ஊரே இருண்டாலும் போன் பேசியது இதனால்தான். அந்தப் பேட்டரி அறையைப் பராமரித்தவர்களை யாரும் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டுப் போனும் அவர்களை நம்பித்தான் இருந்தது.

இணையத் தொலைபேசிக்கு மாறினால் அந்தப் பொறுப்பு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. எனவே ஃபைபர் மோடம், ரூட்டர், போன் அடாப்டர், கார்ட்லெஸ் போன் என்றால் அதன் பேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில்தான் கரண்ட் வேண்டும். இந்தச் சங்கிலியில் எது ஒன்று அணைந்தாலும் டயல் டோன் போய்விடும். பலர் ரூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுவிட்டு, பரணுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடத்தை மறந்துவிடுகிறார்கள். ரூட்டரில் விளக்கு எரிகிறது, போன் மட்டும் செத்துக் கிடக்கிறது.

கணக்கு எளிது. மோடம், ரூட்டர், அடாப்டர் மூன்றும் சேர்ந்து சுமார் 20 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சிறிய யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி சக்தி. காகிதத்தில் 4 மணி நேரத்துக்கு மேல். நடைமுறையில் மாற்றும்போது ஏற்படும் இழப்பு, பேட்டரியின் வயது எல்லாம் போக இரண்டரை, மூன்று மணி நேரம் நிற்கும். மோடமும் ரூட்டரும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை என்றால், அதற்கென்றே வரும் சிறிய டிசி யுபிஎஸ் வாங்குங்கள். 12 வோல்ட்டை மாறுமின்சாரமாக்கி மறுபடியும் 12 வோல்ட்டாக இறக்கும் வீண்வேலை மிச்சம்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: உங்கள் வீட்டில் யுபிஎஸ் இருந்தாலும், தெருவில் இருக்கும் இணைய நிறுவனத்தின் கருவிக்குப் பின்துணை இல்லாவிட்டால் பயனில்லை. கரண்ட் போயிருக்கும்போது அக்கம்பக்கத்தில் யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இணையம் வருகிறதா என்று விசாரியுங்கள். அதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

—

வலைமுடிச்சு எழுதியது:

ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் நான்காவது கேள்விக்கு வருகிறேன்.

இணைய வேகம் அதிகமாக இருந்தால் பேச்சு நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பேச்சுக்குத் தேவையான வேகம் மிகச் சிறியது. ஜி.711 என்ற முறையில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் நொடிக்கு 64 கிலோபிட். இதை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி முகவரி ஒட்டி அனுப்பும்போது, ஒவ்வொரு திசையிலும் 80 முதல் 90 கிலோபிட் வரை ஆகும். உங்கள் ஃபைபருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல.

பேச்சைக் கெடுப்பது வேறு மூன்று: தாமதம், தாமதத்தில் வரும் ஏற்ற இறக்கம், வழியில் தொலையும் துண்டுகள். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேசுபவருக்கு உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இருவரும் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். ஏற்ற இறக்கம் அதிகமானால் குரல் உடைந்து இயந்திரம் பேசுவதுபோல் கேட்கும். துண்டுகள் தொலைந்தால் எழுத்துகளே காணாமல் போகும்.

வீட்டில் இது பெரும்பாலும் பதிவேற்றத்தால் வருகிறது. யாராவது கைப்பேசியிலிருந்து வீடியோவை மேகச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ரூட்டர் அந்தப் பெரிய கோப்பின் துண்டுகளை வரிசையில் குவித்துவிடும், குரலின் துண்டு அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். குறுகிய சந்தில் லாரி நுழைந்த பிறகு பின்னால் வரும் சைக்கிளுக்கு என்ன வேகம் இருந்து என்ன பயன்? ரூட்டரில் க்யூஓஎஸ் என்று ஒரு வசதி இருக்கும். அதில் அடாப்டருக்கு முன்னுரிமை கொடுங்கள். பதிவேற்ற வரம்பை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள், அப்போதுதான் வரிசை உங்கள் ரூட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

மாறுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கணினியில் பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, அதே நேரத்தில் ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றுங்கள். சும்மா இருக்கும்போது 15 மில்லிநொடி காட்டியது, ஏற்றும்போது 300, 400 என்று தாவினால், பேச்சும் அதே நேரத்தில் உடையும். இணைய நிறுவனத்தின் வேகச் சோதனைப் பக்கம் பெரும்பாலும் இதைக் காட்டாது.

அப்புறம், அடாப்டரை வைஃபையில் இணைக்காதீர்கள். ரூட்டரிலிருந்து நேராக ஈதர்நெட் கேபிள் போடுங்கள்.

—

நடைவண்டி எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகும் என் கருத்து மாறவில்லை. கரண்ட் போனால் யுபிஎஸ், இணையம் போனால் ஒன்றுமில்லை, பதிவேற்றினால் பேச்சு உடையும். கைப்பேசிக் கோபுரத்துக்குப் பேட்டரி உண்டு. வயதானவர்களுக்கு என்றே பெரிய பொத்தான் வைத்த கைப்பேசிகள் வருகின்றன. அவற்றை மேசையில் தாங்கியில் வைத்துவிட்டால் லேண்ட்லைன் மாதிரியேதான்.

—

செம்புக்கம்பி எழுதியது:

நடைவண்டி, பெரிய பொத்தான் கைப்பேசியைத் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். ஒரே வழியை நம்பி முதியவர்களை விடக் கூடாது. ஆனால் கோபுரத்துப் பேட்டரியும் சில மணி நேரம்தான். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும் இடங்களும் உண்டு. இரண்டும் இருக்கட்டும்.

—

அகல்விளக்கு எழுதியது:

ஒரு முக்கியமான விஷயம் இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். என் தந்தை கழுத்தில் அவசரப் பொத்தான் அணிந்திருக்கிறார். கீழே விழுந்தால் அதை அழுத்துவார், கூடத்தில் இருக்கும் பெட்டி தானாகவே உதவி மையத்துக்கு லேண்ட்லைன் வழியாக அழைக்கும். நாங்கள் இணையத் தொலைபேசிக்கு மாறிய பிறகு சோதித்துப் பார்த்ததில், அழைப்பு போனது, ஆனால் பெட்டியும் மையமும் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஒலிக்குறிகள் வழியில் சிதைந்துபோய் மையத்துக்கு யார் அழைக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இணைப்பு கொடுத்த நிறுவனம் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல வேளையாகச் சோதனையிலேயே தெரிந்தது. சிம் கார்டில் இயங்கும் பெட்டிக்கு மாற்றிக்கொண்டோம்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டுமான தொல்லை இல்லை. பிரிட்டனில் பழைய செப்புவழித் தொலைபேசி வலையை 2025 இறுதியில் மூடுவதாக இருந்தார்கள். அது 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. இப்படிப்பட்ட அவசரக் கருவிகளை நம்பியிருப்பவர்களைப் பாதுகாப்பாக மாற்ற அவகாசம் தேவைப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாடிவீடு, உங்கள் வீட்டில் போன் கம்பியில் தொங்கும் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்: திருட்டு அலாரம், கதவு இன்டர்காம், ஃபேக்ஸ், மருத்துவக் கருவி. அடுக்குமாடி என்றால் லிஃப்டுக்குள் இருக்கும் அவசரப் போன்கூட.

இன்னொன்று. லேண்ட்லைனிலிருந்து அவசர உதவி எண்ணை அழைத்தால், அந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இணைய எண் உலகின் எந்த மூலையிலும் இயங்கும், அதனால் அது எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியாது. நாம் பதிவு செய்து வைத்த முகவரிதான் போகும். சில சேவைகளில் அவசர எண்ணுக்கே இணைப்பு கிடையாது. சேருவதற்கு முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேச முடியாத நிலையில் ஒருவர் அழைத்தால், ஆம்புலன்ஸ் எங்கே போகும் என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

—

மாடிவீடு எழுதியது:

அகல்விளக்கு அக்கா, மிக்க நன்றி. இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். வீட்டில் அவசரப் பொத்தான் இல்லை, ஆனால் கதவு அலாரம் ஒன்று போன் லைனில் இணைந்திருக்கிறது. அந்த நிறுவனத்திடம் கேட்கிறேன்.

எண்ணை மாற்றுவது எப்படி? முதலில் பழைய இணைப்பை ரத்து செய்துவிட்டு, பிறகு புதியதில் அந்த எண்ணைக் கேட்க வேண்டுமா?

—

செம்புக்கம்பி எழுதியது:

வேண்டவே வேண்டாம்! பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்தால் எண் அவர்களுடைய பொதுக் கிடங்குக்குத் திரும்பிவிடும். பிறகு அதை மீட்பது பெரும்பாடு. உங்கள் பகுதியில் லேண்ட்லைன் எண்ணை நிறுவனம் மாற்ற விதிமுறை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், எல்லா இடங்களிலும் அந்த வசதி இல்லை. அனுமதி இருந்தால் புதிய நிறுவனத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எண் அங்கே போய்ச் சேரும் வரை பழைய இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் பழைய ரசீதில் உள்ளபடியே இருக்கட்டும். ரசீதில் தாத்தா பெயர் இருந்து, நீங்கள் அப்பா பெயரில் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்களுக்குத் தனி ஃபைபர் இருக்கிறது, அதனால் கவலையில்லை. இணையமும் அதே செப்புக் கம்பியில் டிஎஸ்எல்லாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும்: எண் மாறியதும் கம்பியின் கணக்கு மூடப்பட்டு இணையமும் சேர்ந்து நின்றுபோகலாம். இணையம் நின்றால் இணையத் தொலைபேசியும் நின்றது. அவர்கள் முதலில் வேறு இணையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு எண்ணைத் தொட வேண்டும்.

இனி உங்கள் மூன்று போன்கள். அடாப்டரில், அதாவது ஏடிஏ என்கிற பெட்டியில், பழைய போன் சொருகும் துளை இருக்கும். ஒரு போனை நேராகச் சொருகினால் போதும். மூன்றும் இயங்க வேண்டுமானால் அடாப்டரிலிருந்து சுவரில் இருக்கும் போன் சாக்கெட்டுக்கு ஒரு கம்பி போடலாம், வீட்டுக்குள் ஓடும் பழைய வயரிங் முழுக்க உயிர்பெறும். ஆனால் அதற்கு முன் வெளியிலிருந்து வரும் எக்ஸ்சேஞ்ச் கம்பியை வீட்டு வயரிங்கிலிருந்து கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் சொருகினால் அந்த 48 வோல்ட்டும், யாராவது அழைத்தால் 90 வோல்ட்டும் அடாப்டருக்குள் நேராகப் பாயும். அடாப்டர் மின்சாரம் கொடுக்கும் கருவி, வாங்கும் கருவி இல்லை. எரிந்துபோகும். எண் மாறிவிட்டது, லைன் செத்துவிட்டது என்று நம்பியும் இருக்கக் கூடாது, எண் போன பிறகும் கம்பியில் மின்னழுத்தம் இருக்கலாம். வெளிப்பெட்டியில் கழற்றி, முனைகளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, பிறகு உள்ளே வாருங்கள். நிறுவனத்துக்குச் சொந்தமான பெட்டி என்றால் அவர்கள் ஆளையே வரச் சொல்லுங்கள்.

மணி அடிக்கும் பழைய போன் ஒன்று இருக்கிறது என்றீர்கள். அதன் மணிக்குள் இருக்கும் சுருளுக்கு நல்ல சக்தி வேண்டும். எக்ஸ்சேஞ்ச் தாராளமாகக் கொடுத்தது, சின்ன அடாப்டரால் அப்படிக் கொடுக்க முடியாது. மூன்றும் ஒரே லைனில் இருந்தால் மணி மெலிதாக அடிக்கலாம். போனின் அடியில் ஆர்இஎன் என்று ஓர் எண் போட்டிருக்கும், மணி அடிக்க அந்தப் போன் எவ்வளவு சக்தி இழுக்கும் என்பதற்கான அளவு அது, மூன்று போன்களின் எண்ணையும் கூட்டிப் பாருங்கள். அடாப்டர் தாங்கும் அளவு அதன் விவரக் குறிப்பில் இருக்கும். அந்தப் பழைய போன் சுழற்றும் டயல் வகையா, பொத்தான் வகையா? சுழற்றும் டயல் என்றால் பல அடாப்டர்களுக்கு அந்தத் துடிப்பு புரியாது. அழைப்பு வரும், பேசலாம், ஆனால் அதிலிருந்து எண் போட முடியாது.

—

மாடிவீடு எழுதியது:

பொத்தான் வகைதான் ஐயா. வெளிக்கம்பியைக் கழற்ற அவர்களுடைய ஆளையே கூப்பிடுகிறேன்.

—

மாடிவீடு எழுதியது:

புதுத் தகவல். எண்ணை இன்னும் மாற்றவில்லை. புதிய சேவையில் தற்காலிக எண் ஒன்று கொடுத்தார்கள், அடாப்டரில் ஒரு போனை மட்டும் சொருகிச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். பழைய லேண்ட்லைன் பக்கத்திலேயே அப்படியே இருக்கிறது.

இரண்டு சிக்கல்கள். ஒன்று, அழைப்பு இணைகிறது, நான் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. எல்லா அழைப்பிலும் இல்லை, அவ்வப்போது. இரண்டு, கொஞ்ச நேரம் யாரும் போனைத் தொடாமல் இருந்தால் உள்வரும் அழைப்பு மணி அடிப்பதில்லை. நான் ஒருமுறை வெளியே அழைத்த பிறகு மறுபடி வேலை செய்கிறது.

—

வலைமுடிச்சு எழுதியது:

இரண்டுக்கும் காரணம் உங்கள் ரூட்டர். அடாப்டரைக் குறை சொல்லாதீர்கள்.

அழைப்பை ஏற்படுத்தும் பேச்சுவார்த்தை எஸ்ஐபி என்ற நெறிமுறையில் நடக்கிறது, குரல் அதற்குத் தனியாக ஆர்டிபி என்ற வேறு வழியில் வருகிறது. அழைப்பு தொடங்கும்போது உங்கள் அடாப்டர் "குரலை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று சொல்லும். வீட்டுக்குள் இருப்பதால் அதற்குத் தெரிந்தது வீட்டு முகவரி மட்டும்தான். வெளியுலகத்துக்கு அந்த முகவரி செல்லாது. நல்ல சேவைகள் இதைத் தாமாகவே சமாளித்துவிடும். ஆனால் பல ரூட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கிறது. உதவி செய்வதாக நினைத்து அது செய்தியைத் திறந்து முகவரியை மாற்றி எழுதும், பெரும்பாலும் தப்பாக. விளைவு, குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். ரூட்டர் அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். அணைத்த பின் ரூட்டரையும் அடாப்டரையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

இரண்டாவது: அடாப்டர் சேவை வழங்குநரிடம் பதிவு செய்துகொள்ளும்போது ரூட்டர் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. அதன் வழியாகத்தான் உள்வரும் அழைப்பு வர முடியும். கொஞ்ச நேரம் எதுவும் போகாமல் இருந்தால் ரூட்டர் அந்த வாசலை மூடிவிடும், சில ரூட்டர்களில் அரை நிமிடத்திலேயே. அடாப்டரோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் பதிவைப் புதுப்பிக்கும்படி அமைந்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் யார் அழைத்தாலும் உங்களுக்குத் தெரியாது. அடாப்டர் அமைப்பில் கீப்-அலைவ் (வாசல் மூடாமல் இருக்க அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் வசதி) என்று இருப்பதை இயக்கி, 20 அல்லது 30 நொடி வையுங்கள்.

இந்தக் கோளாறு முதியவர்கள் இருக்கும் வீட்டில் ரொம்ப ஆபத்தானது. போன் எடுத்தால் டயல் டோன் இருக்கும், எல்லாம் சரி என்று தோன்றும், ஆனால் வெளியிலிருந்து யாராலும் தொடர்புகொள்ள முடியாது. எண்ணை மாற்றும் முன்பு, போனை நீண்ட நேரம் தொடாமல் விட்டு, கைப்பேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள்.

—

தூண்டில் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எனக்கு எப்போதாவது ஃபேக்ஸ் அனுப்ப வேண்டியிருக்கிறது. இணையத் தொலைபேசியில் ஃபேக்ஸ் போகுமா?

—

வலைமுடிச்சு எழுதியது:

ஒன்றிரண்டு பக்கம் போகலாம், நம்ப முடியாது. ஃபேக்ஸ் கருவி எழுப்பும் ஒலியில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தாலும் பக்கம் அறுந்துவிடும். குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 போன்ற முறையில் சுத்தமாகப் போகாது, குறைந்தபட்சம் ஜி.711 வேண்டும். டி.38 என்ற ஃபேக்ஸுக்கான தனி முறையை அடாப்டரும் சேவையும் இரண்டுமே ஆதரித்தால் பெருமளவு சரியாக இருக்கும். அனுப்புவது எப்போதாவதுதான் என்றால் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்ப அவர்களைச் சம்மதிக்க வைப்பதே நல்லது.

இதே வகையில் இன்னொன்று, எல்லோருக்கும் பயன்படும். வங்கிக்கு அழைத்து "தமிழுக்கு 1 அழுத்தவும்" என்று வரும்போது நீங்கள் அழுத்துவது எடுபடவில்லை என்றால், அடாப்டரில் டிடிஎம்எஃப், அதாவது பொத்தான் ஒலிக்கான அமைப்பை ஆர்எஃப்சி 2833 என்பதற்கு மாற்றுங்கள். பொத்தான் ஒலியைக் குரலோடு கலக்காமல் தனிச் செய்தியாக அனுப்பிவிடும்.

—

மாடிவீடு எழுதியது:

எஸ்ஐபி ஏஎல்ஜியை அணைத்தேன், கீப்-அலைவ் போட்டேன். இரண்டு சிக்கலும் தீர்ந்தன! இரவு முழுக்க விட்டுக் காலையில் அழைத்தேன், உடனே மணி அடித்தது.

அம்மா பேசிப் பார்த்தார். கரகரப்பு இல்லாதது அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இரண்டு குறை சொல்கிறார். தன் குரலே தனக்குத் திரும்பக் கேட்கிறதாம். எண் போட்ட பிறகு சில நொடிகள் எந்தச் சத்தமும் இல்லாததால், அழைப்பு போகவில்லை என்று நினைத்து வைத்துவிடுகிறார்.

—

செம்புக்கம்பி எழுதியது:

எதிரொலி பழைய லைனிலும் இருந்தது தம்பி, காதுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு கம்பியில் போகும் வரும் குரலைப் பிரிக்கும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் குரல் திரும்பி வரும். உடனடியாகத் திரும்பினால் மூளை அதைத் தன் குரலோடு சேர்த்துக்கொள்ளும். இணையத்தில் தாமதம் கூடுவதால் தனியாகப் பிரிந்து கேட்கிறது. அம்மாவுக்குக் கேட்கும் எதிரொலி பெரும்பாலும் எதிர்முனையில் உருவாவது. எல்லோரிடம் பேசும்போதும் கேட்கிறதா, குறிப்பிட்ட சிலரிடம் மட்டுமா என்று கேளுங்கள். சிலரிடம் மட்டும் என்றால் அது அவர்கள் பக்கத்துக் கருவி, அல்லது அவர்கள் ஒலிபெருக்கியில் வைத்துப் பேசுகிறார்கள். எல்லோரிடமும் என்றால் சேவை வழங்குநரிடம் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர்கள் தங்கள் குரல் திரும்புவதாகச் சொன்னால்தான் உங்கள் அடாப்டரைப் பார்க்க வேண்டும்: எதிரொலி நீக்கி இயங்குகிறதா, மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) அமைப்பு உங்கள் நாட்டுப் போனுக்கு ஏற்றதா, ஒலி அளவு கூடுதலாக இருக்கிறதா என்று.

எண் போட்ட பின் வரும் அமைதிக்குக் காரணம், நீங்கள் இன்னும் எண் போடப் போகிறீர்களா என்று அடாப்டர் காத்திருப்பது. எண்ணின் முடிவில் # அழுத்தினால் உடனே போகும் என்பது பல அடாப்டர்களில் உண்டு. ஆனால் அம்மாவுக்குப் புதுப் பழக்கம் எதுவும் வேண்டாம். டயல் பிளான் என்ற இடத்தில் உங்கள் பகுதி எண்களுக்கு எத்தனை இலக்கம் என்று எழுதி வைத்தால், கடைசி இலக்கத்தை அழுத்தியதும் அழைப்பு கிளம்பிவிடும். இதை வலைமுடிச்சு எழுதித் தருவார். அவசர எண்களை முதல் வரியாக அதில் சேருங்கள்.

—

வலைமுடிச்சு எழுதியது:

அடாப்டர் மாடலைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், டயல் பிளானை எழுதித் தருகிறேன்.

எண்ணை மாற்றும் முன் பாதுகாப்பையும் முடித்துவிடுங்கள். அடாப்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடாப்டர் பக்கத்தை வெளி இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். எஸ்ஐபி வாசல் 5060 எங்கே திறந்திருக்கிறது என்று நாள் முழுக்கத் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு. கணக்கு கிடைத்தால் அதிகக் கட்டண வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளைக் கொட்டுவார்கள், ரசீது உங்களுக்கு வரும். அம்மா வெளிநாட்டுக்கு அழைப்பதில்லை என்றால் சேவைக் கணக்கில் அதை மூடிவிடுங்கள். அழைத்தால் செலவு வரம்பு வையுங்கள்.

குரல் தரம் இன்னும் மேம்பட வேண்டுமா என்றால் ஒரு வழி உண்டு. லேண்ட்லைன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. ஜி.722 முறை 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். மெல்லிய உரசொலிகள் தெளிவாகக் கேட்கும், செவித்திறன் குறைந்தவர்களுக்கு இது நல்ல வித்தியாசம். ஆனால் அடாப்டரில் சொருகிய பழைய போனில் பொதுவாக இது கிடைக்காது. இதை ஆதரிக்கும், இணையத்தில் நேராக இணையும் தனி ஐபி போன் வேண்டும், எதிர்முனையிலும் வழியிலும் ஆதரவு இருக்க வேண்டும். இப்போதைக்கு அம்மாவுக்குப் பழகிய போனே இருக்கட்டும்.

—

நடைவண்டி எழுதியது:

பெரிய பொத்தான் கைப்பேசியைத் துணைக்கு வாங்கி வைத்தீர்களா? என் ஒரே வேண்டுகோள் அதுதான்.

—

மாடிவீடு எழுதியது:

வாங்கிவிட்டேன். கூடத்துப் போனுக்குப் பக்கத்திலேயே தாங்கியில் இருக்கிறது, என் எண் ஒரே பொத்தானில். இணையம் போனால் அடாப்டர் எண்ணுக்கு வரும் அழைப்புகள் தானாக அந்தக் கைப்பேசிக்குப் போகும்படி சேவைக் கணக்கில் வழிமாற்றமும் போட்டிருக்கிறேன்.

எதிரொலி ஒரு சித்தியிடம் பேசும்போது மட்டும்தானாம். ஐயா சொன்னதுபோலவே அவர் எப்போதும் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவார். கதவு அலாரம் நிறுவனம் சிம் வைக்கும் பகுதியை மாற்றிக் கொடுத்தது. மெயின் சுவிட்சை அணைத்து யுபிஎஸ்ஸையும் சோதித்தேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் டயல் டோன் இருந்தது.

எண்ணும் இன்று மாறிவிட்டது. ஒரே ஒரு குறை. சிலர் அழைத்தால் வருகிறது, சிலருக்கு "இந்த எண் பயன்பாட்டில் இல்லை" என்று செய்தி வருகிறதாம். வராதவர்கள் எல்லோரும் பழைய நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவர்கள்.

—

செம்புக்கம்பி எழுதியது:

அப்படியென்றால் பழைய நிறுவனம் தன் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் எண்ணை இன்னும் நீக்கவில்லை. தன் வாடிக்கையாளர்கள் அழைக்கும்போது வெளியே அனுப்பாமல் உள்ளேயே தேடிவிட்டு, இல்லை என்று சொல்கிறது. புதிய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள், அவர்கள் மூலமாகத்தான் பழைய நிறுவனத்தை அசைக்க முடியும். எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு அழைத்தபோது அந்தச் செய்தி வந்தது என்று இரண்டு மூன்று உதாரணம் கொடுத்தால் வேகமாக நடக்கும். அது சரியாகும் வரை மருத்துவமனைக்கும் நெருங்கிய உறவினர்களுக்கும் அந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.